நாலு இரவு கான்குன் போகலாமா?

கேள்வி: டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மாமனார், மாமியார் இந்த மே மாதம் கும்பகோணத்திலிருந்து வந்தார்கள், அக்டோபரில் திரும்புகிறார்கள். ஜூன் கடைசி வாரத்தில் எல்லோருமாக நாலு இரவு மெக்சிகோ கடற்கரை ரிசார்ட் ஒன்றுக்குப் போய்வர ஆசை. கான்குனில் இறங்கி துலும் போகிற வழியில் தங்கலும் சாப்பாடும் ஒரே விலையில் அடங்கிய ஒரு ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட் நம்பமுடியாத விலையில் கிடைக்கிறது, படத்தில் கடல் அவ்வளவு தெளிவு. கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4. இரண்டு பேரின் விசா ஸ்டாம்பும் போன டிசம்பரில் முடிந்துவிட்டது, எக்ஸ்டென்ஷன் அப்ரூவல் கையில் இருக்கிறது, மெக்சிகோவுக்கு அது போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மகளுக்கு ஆறு வயது, அமெரிக்க பாஸ்போர்ட். மாமனார், மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம். மாமனார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், சிச்சென் இட்சா பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி. மகளுக்கு டால்பினோடு நீந்த வேண்டுமாம். எப்படித் திட்டமிடுவது?
வாசகி, டெக்சாஸ்

பதில்: ரிசார்ட் பக்கத்தை மூடிவையுங்கள் சகோதரி, இப்போதைக்கு யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். முதலில் உங்கள் இரண்டு பேரின் பாஸ்போர்ட்டைப் பேசிவிடுவோம். நீங்கள் எழுதியிருக்கிற நிலையில் கிளம்பினால் டாலஸ் விமான நிலையத்து செக்-இன் கவுன்டரிலேயே உங்களையும் உங்கள் கணவரையும் நிறுத்திவிடுவார்கள், மாமனார், மாமியாரும் குழந்தையும் மட்டும்தான் விமானம் ஏற முடியும்.

நண்பர்கள் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. அமெரிக்கப் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் விசா ரீவேலிடேஷன் என்று ஒரு விதி இருக்கிறது. மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ மட்டும் போய் 30 நாளுக்குள் திரும்பினால், அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் உங்கள் ஐ-94 பதிவின் தேதி முடியாமல் இருந்தால், அங்கே இருக்கும்போது புதிதாக அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால், ஸ்டாம்ப் முடிந்திருந்தாலும் திரும்ப உள்ளே வரலாம். சரி, ஆனால் இது அமெரிக்கா உங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதற்கான விதி. மெக்சிகோ உங்களை உள்ளே விடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா கேட்கும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ, கிரீன் கார்டு மாதிரி நிரந்தர வசிப்புரிமையோ கையில் இருந்தால் மட்டும் அந்த விசாவைத் தள்ளுபடி செய்து 180 நாள் வரை விடுவார்கள். இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் இதே கதைதான். செல்லுபடியாகும் விசா என்றால் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும், தேதி முடியாத விசா. ஐ-797 அப்ரூவல் தாள் எவ்வளவு கனமான தாளாக இருந்தாலும் மெக்சிகோ அதை விசாவாக எடுத்துக்கொள்ளாது. மாமனார், மாமியாருக்குப் பத்து வருட பி-2 சுற்றுலா விசா உயிரோடு இருக்கும், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. குழந்தைக்கும் இல்லை.

ஆகவே உங்களுக்கு ஒரு வழி, டாலஸில் இருக்கும் மெக்சிகோ கான்சுலேட்டில் விசிட்டர் விசா வாங்குவது. அமெரிக்காவில் சட்டப்படி வேலையில் இருக்கிறீர்கள், சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒழுங்காக இருக்கின்றன என்றால் அதை வாங்குவது பெரிய கஷ்டம் இல்லை, அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் கஷ்டம். இன்றைக்கே தளத்தில் பாருங்கள். இரண்டு பேரும் நேரில் போக வேண்டியிருக்கும். பாஸ்போர்ட், ஐ-797, ஐ-94 அச்சு, சம்பள ஆதாரம், ஃபோட்டோ, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். கான்சுலேட் தன் பக்கத்தில் போட்டிருக்கும் பட்டியல்தான் வேதம், வாட்ஸ்அப்பில் வருகிற பட்டியல் இல்லை.

விசா கிடைத்துவிட்டால் திரும்பும்போது அந்த ரீவேலிடேஷன் விதி உங்களுக்குக் கைகொடுக்கும். கான்குனில் விமான நிறுவன ஊழியர் முடிந்துபோன ஸ்டாம்பைப் பார்த்து முழிப்பார், அதற்காக அமெரிக்க அரசுத் தளத்தில் இந்த விதியைப் பற்றி இருக்கும் பக்கத்தை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். சட்ட எண் 22 சி.எஃப்.ஆர். 41.112(டி). அதைக் காட்டினால் மேலதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டு ஏற்றிவிடுவார்கள். ஊர் வந்ததும் எல்லோருடைய ஐ-94ஐயும் ஆன்லைனில் எடுத்துப் பாருங்கள், தேதி தப்பாக ஏறியிருந்தால் உடனே திருத்தக் கேட்கலாம். கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போட்டு நிலுவையில் இருந்தால் மட்டும் உங்கள் கம்பெனி வக்கீலைக் கேட்காமல் நாட்டைவிட்டு நகர வேண்டாம். இன்னொன்று, பெற்றோரை மெக்சிகோ கூட்டிப்போய் வந்தால் இன்னும் ஆறு மாதம் சேர்த்துக் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கு வேண்டாம். பழைய தேதியே தொடரலாம், அதிகாரி கேள்வியும் கேட்கலாம். அவர்களுடைய அக்டோபர் டிக்கெட் நகல் பையில் இருக்கட்டும்.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே இல்லை என்றால்? புவெர்த்தோ ரிகோ போங்கள். அமெரிக்க மண், போகும்போதும் வரும்போதும் இமிகிரேஷன் வரிசை கிடையாது, ஐ-797ஐயும் பாஸ்போர்ட்டையும் கூட வைத்துக்கொண்டால் போதும். டாலஸிலிருந்து நேர் விமானம் உண்டு, நாலரை மணி நேரத்துக்குப் பக்கமாக ஆகும். ஆல் இன்க்ளூசிவ் கலாசாரம் அங்கே அதிகம் இல்லை, சாப்பாட்டுக்குத் தனியாகச் செலவாகும். ஆனால் சான் ஹுவானின் பழைய கோட்டைகளும் எல் யுங்கே மழைக்காடும் உங்கள் மாமனாருக்குப் பிடிக்கும். இதைச் சமாதானப் பரிசாகச் சொல்லவில்லை, விசா சிக்கலில் இருக்கிற குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வதே அதைத்தான்.

சரி, விசா கிடைத்தது என்று வைத்துக்கொண்டு கடற்கரைக்கு வருவோம்.

அந்த நம்பமுடியாத விலைக்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பெயர் சர்காசம், பழுப்பு நிறக் கடற்பாசி. 2011இலிருந்து அட்லாண்டிக் நடுவில் பெரும் பட்டையாக வளர்ந்து, ஏப்ரல் வாக்கில் தொடங்கி ஆகஸ்ட், சில வருடம் அதற்கும் மேலே, கரீபியன் கரைகளில் வந்து குவிகிறது. புதிதாக வந்ததில் கெடுதல் ஒன்றும் இல்லை, கரையில் கிடந்து அழுகினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும், தண்ணீர் தேநீர் நிறமாகிவிடும். ரிசார்ட்காரர்கள் விடியற்காலையிலேயே டிராக்டர் வைத்து அள்ளுகிறார்கள், மெக்சிகோ கடற்படை கடலில் தடுப்பு மிதவை போடுகிறது, ஆனாலும் காற்று கிழக்கிலிருந்து அடித்தால் மதியத்துக்குள் மறுபடி வந்துவிடும். நீங்கள் பார்த்த ரிசார்ட் இருக்கும் பிளாயா டெல் கார்மென் முதல் துலும் வரையிலான கரை முழுக்கக் கிழக்கைப் பார்த்த கரை. ஜூன் கடைசி என்றால் உச்ச காலம். அந்தப் படங்களை எடுப்பது ஜனவரியில், விற்பது ஜூனில். விருந்தினர்கள் போடும் படங்களில் கடந்த இரண்டு வாரத்தில் எடுத்ததை மட்டும் பாருங்கள், ஹோட்டல் போட்ட படத்தைத் தொடவே வேண்டாம்.

மாமனார், மாமியார் அக்டோபரில் கிளம்பிவிடுவதால் நவம்பருக்குத் தள்ளிப்போடுங்கள் என்று சொல்ல வழியில்லை. இல்லையென்றால் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரைதான் நான் எல்லோருக்கும் சொல்லும் காலம், பாசி இல்லை, புயல் காலம் முடிகிற நேரம், கிறிஸ்துமஸ் விலை ஏறியிருக்காது. உங்களுக்கு ஜூன்தான். அப்படியானால் இடத்தை மாற்றுங்கள்.

கான்குன் ஹோட்டல் சோனை வரைபடத்தில் பாருங்கள், 7 என்ற எண் மாதிரி இருக்கும் ஒரு மணல்திட்டு, ஒரு பக்கம் கரீபியன், உள்பக்கம் நிச்சுப்தே காயல். 1970 வரை அங்கே மீனவர்களையும் தென்னையையும் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. மெக்சிகோ அரசே இடம் பார்த்து, கடன் வாங்கி, சாலை போட்டுக் கட்டிய சுற்றுலா ஊர் இது, முதல் ஹோட்டல்கள் 1974 வாக்கில் திறந்தன. அந்த 7இன் நீளமான கால் கிழக்கைப் பார்க்கிறது, அங்கே பாசியும் வரும், அலையும் உயரம், அடியில் இழுக்கும் நீரோட்டமும் உண்டு. மேலே இருக்கும் குட்டைக் கை வடக்கைப் பார்க்கிறது, எதிரே முஹேரெஸ் தீவு காவலாக நிற்கிறது, அதனால் அலை அடங்கிய, இடுப்பளவுத் தண்ணீர், பாசியும் குறைவு. இங்கே முகவரியே கிலோமீட்டர் எண்ணில்தான் சொல்வார்கள். புலேவார் குக்குல்கான் சாலையில் 9ஆவது கிலோமீட்டருக்கு முன்னால் இருக்கும் ஹோட்டல் என்றால் பெரும்பாலும் அந்த வடக்குக் கை. ஆறு வயதுக் குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் இருக்கும் குடும்பத்துக்கு இதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஊருக்கு வடக்கே கோஸ்தா முஹேரெஸ் என்று புது ரிசார்ட்டுகளாக முளைத்திருக்கும் கரையும் இதே காரணத்தால் பரவாயில்லை, ஆனால் ரிசார்ட்டைவிட்டு வெளியே வந்தால் கால்நடையாகப் போக ஒரு கடை இருக்காது.

பாசியே வேண்டாம், பசிபிக் பக்கம் போகிறோம் என்றால் லோஸ் கபோஸ் இருக்கிறது, விமான நேரமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அங்கே அழகான கரைகளில் பாதிக்கு மேல் நீந்தக் கூடாத கரை, காலை நனைக்க நின்றவரை இழுத்துக்கொண்டு போகும் அலை. கபோ சான் லூகாஸின் மெதானோ கரை மாதிரி சில இடங்களில்தான் இறங்கலாம். கணவன் மனைவி மட்டும் போவதென்றால் சரி, உங்கள் குழுவுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். எங்கே போனாலும் கரையில் கொடி பறக்கும். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் வேண்டாம், கறுப்பு என்றால் கடல் மூடியாயிற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு விஷயம், மெக்சிகோவில் கடற்கரை எல்லாம் சட்டப்படி பொது. ஹோட்டல் நாற்காலிதான் ஹோட்டலுடையது, மணல் இல்லை. பக்கத்து ஹோட்டல் வாசல் கரை சுத்தமாக இருந்தால் நடந்து போய் அங்கே குளிக்கலாம்.

இனி அறை. ஐந்து பேர், அதில் நாலு பெரியவர்கள். நிறைய ரிசார்ட்டுகளில் ஓர் அறைக்கு நாலு பேர்தான் உச்சம், ஆகவே இரண்டு அறை. உள்கதவு வைத்த இணைந்த அறைகள் வேண்டும் என்று கேளுங்கள். 'ரிக்வெஸ்ட் போட்டிருக்கிறோம்' என்று பதில் வந்தால் அது கிடைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உறுதி என்று மின்னஞ்சலில் எழுதித் தரவேண்டும், அது முடியாத இடத்தைவிட்டுவிட்டு வேறு பாருங்கள். பதிவு போடும் முன் 'அடல்ட்ஸ் ஒன்லி' என்ற சொல் பக்கத்தில் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள், கான்குன் பக்கம் குழந்தைகளையே விடாத ரிசார்ட்டுகள் ஏராளம், ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று பெரியவர்களுக்கு என்றும் வைத்திருப்பார்கள். மாமியாருக்காக லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். பிளாயா டெல் கார்மென் பக்கம் பழைய ரிசார்ட்டுகள் பல, மூன்று மாடி வில்லா கட்டடங்களாக, லிஃப்ட் இல்லாமல்தான் நிற்கின்றன. உணவகத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். பரப்பு பெரிய ரிசார்ட்டில் இட்லிக்கு ஏங்கி அரை கிலோமீட்டர் நடந்து பான்கேக் சாப்பிட்டு வருவது வயதானவர்களுக்கு விடுமுறை ஆகாது. 'ஆயிரம் டாலர் ரிசார்ட் கிரெடிட்' என்று ஆசை காட்டினால் ஏமாற வேண்டாம், இரண்டு மடங்கு விலை போட்ட ஸ்பாவில் ஒரு பகுதியைக் கழிக்கும் கூப்பன் அது.

இட்லி என்றதும் சாப்பாட்டுக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் இதுதான் பெரிய விஷயமாக இருக்கும். மெக்சிகோவில் சோறு, பருப்பு வகை, சோளம், மிளகாய், கொத்தமல்லி, புளி எல்லாம் இருக்கிறது, பார்த்தால் நம் வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கும், அங்கேதான் ஆபத்து. சிவப்புச் சோறு பெரும்பாலும் கோழிச் சாற்றில் வெந்திருக்கும். மசித்த பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவது வழக்கம். காய்கறி சூப்பிலும் கோழிச் சாறு. சைவம் என்று சொன்னால் மாட்டுக்கறி மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. அதனால் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்: 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் உவேவோ', கறி, கோழி, மீன், முட்டை வேண்டாம். கூடவே 'சின் கால்தோ தே போயோ, சின் மன்தேகா', கோழிச் சாறும் பன்றிக்கொழுப்பும் வேண்டாம். ஒரு சின்ன அட்டையில் ஸ்பானிஷ் எழுத்தில் அச்சிட்டு மாமனார், மாமியார் சட்டைப் பையிலும் கைப்பையிலும் ஒன்று போடுங்கள். முதல் நாள் மாலையே பஃபேயின் செஃபைப் பார்த்துப் பேசிவிடுங்கள், பெரும்பாலும் நல்ல மனிதர்கள், வெறும் சோறும் எண்ணெயில் வதக்கிய பீன்ஸும் தனியாகச் செய்து வைப்பார்கள்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியது நிறைய இருக்கிறது. சுட்ட சோளம், நோபாலெஸ் என்கிற, எண்ணெயில் போட்ட சப்பாத்திக்கள்ளித் துண்டுகள், சீஸ் மட்டும் வைத்த கேசடியா, குவாக்கமோலே, பப்பாளி, மாம்பழம். யுகதானின் சிகில் பாக் என்பது வறுத்த பூசணி விதையையும் தக்காளியையும் அரைத்தது, மாமியார் ஒரு வாய் எடுத்ததும் துவையல் என்றுதான் சொல்வார். ஹபனேரோ மிளகாய்ச் சட்னியை மட்டும் முதலில் துளி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காரம் சாப்பிட்டுப் பழகிய வாய் என்ற கர்வம் அங்கே உதவாது. கான்குன் பக்கம் இந்தியத் திருமணங்கள் நிறைய நடப்பதால் சில பெரிய ரிசார்ட்டுகளில் இந்திய சமையற்காரரே இருக்கிறார், ஆனால் கல்யாண கோஷ்டி வரும்போது மட்டுமா, எல்லா நாளுமா என்று முன்கூட்டிக் கேளுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரெடிமேட் பொங்கல் எல்லாம் கம்பெனி பாக்கெட்டில் பிரிக்காமல் எடுத்துப்போங்கள். கறிவேப்பிலை, பழம், அரிசி, முளைக்கக்கூடிய பயறு எதுவும் வேண்டாம், கஸ்டம்ஸில் பிடுங்கிவிடுவார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், பல் தேய்க்கக்கூட பாட்டில் தண்ணீர். ரிசார்ட்டின் ஐஸ் சுத்திகரித்த தண்ணீரில் செய்வதுதான், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

சிச்சென் இட்சா. இங்கே கொஞ்சம் கறாராகச் சொல்லப்போகிறேன். நாலு இரவு என்றால் கையில் முழுசாக மூன்று நாள். கான்குனிலிருந்து சிச்சென் இட்சா 200 கிலோமீட்டர், ஒரு வழி இரண்டரை மணி நேரம். ஜூன் வெயிலில் நிழலே இல்லாத வெட்டவெளி. குழந்தையையும் முழங்கால் வலிக்காரரையும் அங்கே இழுத்துக்கொண்டு போனால் யாருக்கும் சந்தோஷம் இருக்காது. மாமனாரும் உங்கள் கணவரும் மட்டும் போகட்டும். நீங்கள் மூன்று பேரும் நீச்சல் குளத்தில் இருங்கள். மகனும் அப்பாவும் தனியாக ஒரு நாள் சேர்ந்து போவது எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும்.

டூர் பஸ் வேண்டாம். ஒவ்வொரு ஹோட்டலாக ஆளை ஏற்றி, கைவினைக் கடையில் நிறுத்தி, பஃபேயில் நிறுத்தி, உச்சி வெயிலில் கொண்டுபோய் இறக்கும். தனி வண்டி, டிரைவரோடு, காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த இடம் யுகதான் மாநிலத்தில் இருக்கிறது, கான்குன் இருக்கும் கின்தானா ரோ மாநிலத்தைவிட அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். அங்கே காலை 8 மணிக்குத் திறப்பது கான்குன் நேரத்துக்கு 9 மணி. ஆறுக்குக் கிளம்பினால் கதவு திறக்கும்போது வாசலில் நிற்கலாம், பஸ்கள் வருவதற்குள் பார்த்து முடித்துவிடலாம். கான்குனுக்கும் டாலஸுக்கும் ஜூனில் நேர வித்தியாசம் இல்லை, குளிர்காலத்தில்தான் ஒரு மணி நேரம் வரும்.

பிரமிடில் ஏற அனுமதி இல்லை, அதை மாமனாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஆனால் அவருக்கு வேறு நிறைய இருக்கிறது. நாலு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, உச்சி மேடையையும் சேர்த்தால் 365. பந்தாட்டக் களம் 160 மீட்டருக்கு மேல் நீளம், சுவரில் உயரத்தில் கல் வளையம். நகரம் உச்சத்தில் இருந்த காலம் 9ஆம் நூற்றாண்டிலிருந்து சில நூறு வருடம், அதாவது நம் பக்கம் விஜயாலயன் தொடங்கி ராஜராஜன் பெரிய கோயில் கட்டிய காலம்தான். கும்பகோணத்து வரலாற்று வாத்தியாருக்கு இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, திரும்பி வரும் வழியெல்லாம் அவர்தான் பேசப்போகிறார். வழியில் ஒரு செனோட்டேயில் நிறுத்தச் சொல்லுங்கள். சுண்ணாம்புப் பாறை உள்விழுந்து உண்டான கிணறு அது. அந்தப் பகுதியில் நிலத்தின் மேல் ஆறு ஓடுவதில்லை, தண்ணீர் எல்லாம் பாறைக்கு அடியில். இறங்குமுன் குளிக்கச் சொல்வார்கள், சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்க விடமாட்டார்கள்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்று மாமனார் மனம் மாறினால், ஹோட்டல் சோனுக்குள்ளேயே 18ஆவது கிலோமீட்டரில் எல் ரே என்ற சின்ன மாயா இடிபாடு இருக்கிறது, கல்லுக்குக் கல் உடும்பு மாதிரி இகுவானா வெயில் காயும், குழந்தைக்கும் பிடிக்கும். கொஞ்சம் தள்ளி மாயா அருங்காட்சியகம், ஏசி போட்டது, திங்கட்கிழமை விடுமுறை.

இன்னொரு நாளில் எல்லோருமாக முஹேரெஸ் தீவுக்குப் போய் வாருங்கள். புவெர்த்தோ ஹுவாரெஸிலிருந்து படகில் 20 நிமிடம். அங்கே வட கரை, பிளாயா நோர்த்தே, உங்கள் மாமியார் இடுப்பளவுத் தண்ணீரில் பயமில்லாமல் நிற்கக்கூடிய இடம். தீவைச் சுற்ற கோல்ஃப் வண்டி வாடகைக்குக் கிடைக்கும். மூன்றாவது முழு நாளில் எதுவும் வைக்காதீர்கள். ரிசார்ட்டுக்குக் கொடுக்கிற காசில் பாதி, அங்கே சும்மா இருப்பதற்குத்தான்.

டால்பினோடு நீந்துவது, என் கருத்தைக் கேட்டால், வேண்டாம். தொட்டிக்குள் அடைத்த மிருகம், பத்து நிமிட முத்தத்துக்கு நூறு டாலருக்கு மேல், அப்புறம் உங்கள் கேமராவை அனுமதிக்காமல் அவர்களே எடுத்த படத்துக்குத் தனி விலை. 2025இல் மெக்சிகோ நாடாளுமன்றமே டால்பின் காட்சிகளை நிறுத்தச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. மகளுக்கு அதைவிட நல்லது ஒன்று ஜூனில் இலவசமாக நடக்கிறது. கான்குன் கரைகளில் மே மாதத்திலிருந்து ராத்திரியில் கடலாமைகள் ஏறி வந்து முட்டையிடும், பல ஹோட்டல்கள் முட்டைகளைப் பாதுகாக்க வேலி போட்டு வைத்திருக்கின்றன. வரும்போது அறைக்கு ஃபோன் செய்து சொல்வீர்களா என்று ரிசப்ஷனில் கேட்டுவையுங்கள். டார்ச், ஃபிளாஷ் கூடாது, முன்னால் போய் நிற்கக் கூடாது. குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் அதற்குப் பிந்திய மாதங்களில்தான், அதை எதிர்பார்க்க வேண்டாம் என்று மகளிடம் முன்னமே சொல்லிவிடுங்கள்.

விமான நிலையத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பெட்டியை எடுத்துக் கஸ்டம்ஸ் தாண்டியதும் ஒரு கூடம் வரும், சீருடையும் அடையாள அட்டையும் போட்டவர்கள் 'டாக்ஸியா? எந்த ஹோட்டல்? உங்கள் வண்டி போய்விட்டதே' என்று ஆளாளுக்கு மறிப்பார்கள். பலர் டைம்ஷேர், அதாவது வருடத்தில் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் உரிமையை, விற்பவர்கள். யாரோடும் நிற்காமல் கட்டடத்துக்கு வெளியே போய்விடுங்கள், நீங்கள் முன்பதிவு செய்த வண்டிக்காரர் வெளியேதான் பெயர்ப் பலகையோடு நிற்பார். வண்டி பதிவு செய்யும்போதே குழந்தை இருக்கை கேளுங்கள். ரிசார்ட்டிலும் மறுநாள் காலை 'இலவச பிரேக்ஃபாஸ்ட், தொண்ணூறு நிமிடம்தான்' என்று கூப்பிடுவார்கள். போகவே போகாதீர்கள், அந்தத் தொண்ணூறு நிமிடம் மதியம் வரை இழுக்கும். யாராவது மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், மெக்சிகோ விதிப்படி ஐந்து வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம், அபராதம் இல்லை.

பணத்துக்கு பெசோ கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், டிப்ஸுக்கு அதுதான் வசதி, ஆல் இன்க்ளூசிவ் என்றாலும் அறை சுத்தம் செய்பவருக்கும் தினமும் உங்களைக் கவனிக்கும் சர்வருக்கும் கொடுப்பதுதான் முறை. கார்டு தேய்க்கும்போது டாலரா பெசோவா என்று கேட்டால் பெசோ. கின்தானா ரோ மாநிலம் வெளிநாட்டுப் பயணிகளிடம் விசிட்டாக்ஸ் என்று சின்ன வரி வாங்குகிறது, மாநில அரசின் தளத்தில் மட்டும் கட்டுங்கள், அதே பெயரில் கூடுதல் காசு பிடுங்கும் போலித் தளங்கள் உண்டு. ஹோட்டலும் ஒரு ராத்திரிக்கு ஓர் அறைக்கு இவ்வளவு என்று சுற்றுச்சூழல் வரி தனியாகக் கேட்கும், அது உண்மையான வரிதான், சண்டை போட வேண்டாம்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். மாமனார், மாமியாருக்கு அமெரிக்கா வந்ததற்காக எடுத்த பாலிசி மெக்சிகோவில் செல்லுமா என்று பாலிசித் தாளைப் பாருங்கள். பலவற்றில் செல்லாது, சிலவற்றில் சில நாள் மட்டும் செல்லும். கான்குன் தனியார் மருத்துவமனைகளில் முதலில் கார்டில் பெரிய தொகை பிடித்த பிறகுதான் சேர்ப்பார்கள். ஆகவே ஐந்து பேருக்கும் சேர்த்து இந்தப் பயணத்துக்கென்று ஒரு பாலிசி எடுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் கடைசி வரை புயல் காலம். ஜூனில் வாய்ப்பு குறைவுதான், ஆனால் 2024இல் பெரில் புயல் ஜூலை முதல் வாரத்திலேயே துலும் பக்கம் கரையேறியது. ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கிற பாலிசி அந்தப் புயலுக்குப் பணம் தராது, விமான டிக்கெட் போடும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.